கெட்டில்ஷாவின் கிழக்குக் கரை

ஹெப்லி,
3 நவம்பர் 1985

அன்புள்ள ஏவிஸ்,

முதலில் டப்பாவைத் திற. பார்க்கின் கேக் செய்திருக்கிறேன். இஞ்சி சரியாக விழுந்திருக்கிறது, ஆனால் கொஞ்சம் இறுகிவிட்டது. ராய்ஸ்டன் மூன்று துண்டு தின்றுவிட்டு, இதை அடுக்கிச் சுவர் எழுப்பலாம் என்கிறான். மீன் வறுக்கிற புருஷன் பேச்சை யார் கேட்பது. ஒரு வாரம் டப்பாவிலேயே கிடக்கட்டும், தானாக இளகும். அப்புறம் டப்பாவைத் திருப்பி அனுப்பு. போன வருடத்து டப்பாவே இன்னும் வரவில்லை. அதில் நீ ஆய்வகக் கண்ணாடித் தகடுகளைப் போட்டு வைத்திருப்பதாக உன் அம்மா பேருந்து நிறுத்தத்தில் உன்னைப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கடை ஓடுகிறது. மில் மூடிய பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டம் குறைந்துவிட்டது, ஆனால் மிச்சம் இருக்கிறவர்கள் அதிகம் தின்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கெட்டில்ஷா நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் வேலி அப்படியே நிற்கிறது. ஆல்டர்கிளஃப் எஸ்டேட்டை வாங்கிய கார்ஸ்டெயர்ஸ் போன வருடம் போட்டானே, அதே வேலி. அணைக்கரையில் நடக்கலாம், மேற்குக் கரையில் நடக்கலாம், ஓடைத் தலைப்புவரை போகலாம். அங்கே போனதும் ‘தனியார் நிலம்’ என்று பலகை. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதற்குப் பெயர் கெட்டில்ஷாவைச் சுற்றி வருவதா? அது நாயை வெளியே கூட்டிப் போவது.

ஆனால் விடப் போவதில்லை. ஹாலிஃபாக்ஸிலிருந்து மிஸ் குரோத்தர் என்று ஒரு அம்மா வந்திருந்தார். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. நடைபாதைகளைக் காப்பாற்ற ஒரு சங்கம் நடத்துகிறார். கடையில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி, நின்றபடியே தின்றுகொண்டு எங்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தார். ஊர்க்காரர்கள் இருபது வருடம் ஒரு பாதையில் தடையில்லாமல், ஒளியாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்திருந்தால் அது ஊர்ப் பாதை. அப்புறம் எந்த முதலாளியாலும் அடைக்க முடியாது. விசாரணை அதிகாரி ஒருவர் வருவார், நடந்தவர்கள் அவர் முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

கிழக்குக் கரையில் விடாமல் நடந்தவர்கள் யார் என்று பார்த்தால் பாதிப் பேர் கல்லறையில். மீதிப் பேர் மில் மூடியதும் வேலை தேடிப் போய்விட்டார்கள். ஆறு வயதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சுற்றியவர்கள் நீயும் நானும்தான். கல்லூரிக்குப் போன பிறகும் விடுமுறைக்கு விடுமுறை நீ வந்து நடந்தாய். நீ பேச வேண்டும், ஏவிஸ். உன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளி விழாவில் நீ மேடையில் உறைந்து நின்றபோது பியானோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உன் பாட்டை நான்தானே பாடினேன். இந்தத் தடவை அப்படி முடியாது. அதிகாரி பியானோவுக்குப் பின்னால் பார்த்துவிடுவார்.

அப்பா இருந்திருந்தால் அந்த வேலியைச் சுருட்டிக் கார்ஸ்டெயர்ஸ் வாசலில் வைத்துவிட்டு வந்திருப்பார். அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. மில் முதலாளி எதிரே வந்தாலும் தொப்பியைத் தொட்டதில்லை. நாமும் அப்படியே, நிமிர்ந்து நின்று சொல்லப் போகிறோம்.

வருகிறேன் என்று ஒரு வரி எழுது.

உன் பாட்டையும் சேர்த்துப் பாடிய,
ரோடா


நார்விச்,
11 நவம்பர் 1985

அன்புள்ள ரோடா,

பார்க்கின் இளகிவிட்டது. ஆய்வகத்தில் ஒருவருக்குக் கொடுத்தேன். இதென்ன நம் மண் மாதிரிகளின் நிறத்தில் இருக்கிறது என்றார். பிறகு இன்னொரு துண்டு கேட்டார்.

உன் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வருகிறேன். இந்த வார்த்தையை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இருந்தாலும் வருகிறேன்.

இங்கே நிலம் மேசை போலத் தட்டையாக இருக்கிறது. யாரும் எதையும் சுற்றி நடப்பதில்லை, நேராகப் போய் நேராக வருகிறார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும்போது நான் மனதுக்குள் கெட்டில்ஷாவைச் சுற்றுவேன். அணைக்கரையில் தொடங்கி மதகுக் கோபுரம், சுவரில் செருகிய கல் படிகள், ஆடுகள் உரசி வழவழப்பான மூலைக் கல். மேற்குக் கரையில் எனக்குத் தெரியாத கல் இல்லை. ஆனால் ஓடையைத் தாண்டிக் கிழக்குக் கரைக்கு வந்ததும் நடை மெதுவாகிவிடும். நமக்குப் பிடித்த பக்கம் அதுதானே. லார்ச் மரங்களுக்குக் கீழே ஊசி இலை மெத்தையில் நம் காலடிச் சத்தமே கேட்காது. உன் வாய்ச் சத்தம் மட்டும் கேட்கும்.

மழையே இல்லாத அந்தக் கோடை நினைவிருக்கிறதா? தண்ணீர் வற்றி, மூழ்கிய பண்ணையின் சுவரெல்லாம் வெளியே வந்தது. உன் அப்பா நம்மைக் கூட்டிக்கொண்டு வெடித்த சேற்றின்மேல் அந்தப் பண்ணையின் சமையலறைவரை நடந்தார். அடுப்பிருந்த இடத்தில் நின்று, “டீ போடு ரோடா” என்றார். நமக்குப் பதினெட்டு வயது. நான் கல்லூரிக்குப் புறப்படுவதற்கு முந்தின மாதம்.

அவர் போன மறு வருடமே வேலி வந்தது எனக்கும் ஆறவில்லை.

டப்பாக்கள் பத்திரமாக இருக்கின்றன. கையில் கொண்டு வந்து தருகிறேன். தபாலில் நசுங்கிவிடும்.

அன்புடன்,
ஏவிஸ்


ஹெப்லி,
2 மார்ச் 1986

அன்புள்ள ஏவிஸ்,

தேதி வந்துவிட்டது. மே மாதம் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நம் ஞாயிறு பள்ளிக் கூடத்தில். நீ உறைந்து நின்ற அதே மேடைக்கு முன்னால். இதை நான் திட்டமிடவில்லை, சத்தியமாக.

சேறு வேண்டாம் என்று படித்து, ரயில் ஏறிப் போய், அங்கே உட்கார்ந்து நம் சேற்றையே கண்ணாடி வைத்துப் பார்க்கிறாயாமே. உன் அம்மா கடையில் சொன்னபோது வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பெருமையாகத்தான் சிரித்தார்கள், கோபித்துக்கொள்ளாதே.

நேற்று மிஸ் குரோத்தர் மறுபடி வந்தார். சாட்சி சொல்கிற எல்லோரையும் கடையில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். எஸ்டேட் தரப்பில் லீட்ஸிலிருந்து வக்கீல் வருகிறாராம். அவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார் என்றார்: நீங்களோ உங்கள் வீட்டாரோ எஸ்டேட் ஆட்களிடம் எப்போதாவது அனுமதி கேட்டீர்களா? கேட்டு, அவர்கள் சரி என்று சொல்லியிருந்தால், நடந்தது உரிமையில் இல்லை, அவர்கள் தயவில். அத்தோடு கதை முடிந்தது.

வால்டர் பிக்கிள்ஸை உனக்குத் தெரியுமே, புறா வளர்ப்பவர். “என் பொண்டாட்டிகிட்டயே நான் எதுக்கும் பெர்மிஷன் கேட்டதில்லம்மா” என்றார். அவர் மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “அதான் வீடு அந்த லட்சணத்துல இருக்கு” என்றார். மிஸ் குரோத்தர் இரண்டையும் குறித்துக்கொண்டார்.

என் முறை வந்தது. ஆமோஸ் கிளெக் உயிரோடு இருந்தவரை யாரிடமும் எதையும் கேட்டவர் இல்லை, அவர் மகளும் இல்லை என்றேன். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ராய்ஸ்டன் வறுவல் கரண்டியால் தட்டினான், எண்ணெய் தெறித்துச் சுவரெல்லாம் கறை.

நீ பேச வேண்டியதை எழுதி அனுப்பச் சொன்னார். நான்கு வரி போதும்.

நிமிர்ந்த தலையோடு,
ரோடா


நார்விச்,
9 மார்ச் 1986

அன்புள்ள ரோடா,

நான்கு வரி எழுத உட்கார்ந்தேன். மூன்று எழுதினேன். நான்காவது, ‘யாரும் அனுமதி கேட்டதில்லை’ என்பது. அங்கே பேனா நின்றுவிட்டது.

உன் அப்பா கேட்டார், ரோடா. ஒரே ஒரு தடவை.

நம்மை முதன்முதலாகக் கிழக்குக் கரைக்குக் கூட்டிப்போன சனிக்கிழமை. ஓடைத் தலைப்பில் எஸ்டேட்டின் வேட்டைக் காவலர் எனாக் ஸ்டாட் வீடு இருக்கிறதே, அங்கே நின்றோம். உன் அம்மா செய்த பார்க்கின் டப்பா உன் அப்பா கையில் இருந்தது. நீ கொட்டகைக்குள் நாய்க்குட்டிகளைப் பார்க்க ஓடிவிட்டாய். எனக்கு நாய் என்றால் பயம். உன் அப்பாவின் கோட்டுக்குப் பின்னால் ஒட்டி நின்றேன். அவர் கதவைத் தட்டினார். ஸ்டாட் வந்ததும் தொப்பியைக் கழற்றினார். பிறகு, “புள்ளைங்க ரெண்டும் இனிமே சனிக்கிழமையில இந்தப் பக்கமா வரும். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?” என்றார்.

ஸ்டாட் ஏதோ சொன்னார், நீளமாக. அது எனக்கு நினைவில்லை. அவர் வீட்டு வேலியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட செத்த அகழெலிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மதமாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு நாம் போனோம்.

வருடா வருடம் நவம்பரில் ஸ்டாட்டுக்குப் பார்க்கின் கொண்டுபோய்க் கொடுத்தோம், அது உனக்கே தெரியும். சிநேகிதத்துக்காக என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படியே நினைக்க விரும்புகிறேன்.

இது விசித்திரமான சட்டம். மரியாதையாகக் கேட்டு நடந்தவருக்கு உரிமை இல்லை, கேட்காமல் நடந்தவருக்கு உண்டு. நம் ஊரில் கதவைத் தட்டாமல் யார் எங்கே போவார்கள்?

கேட்டால் இல்லை என்று என்னால் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. என்ன செய்யலாம் என்று சொல்.

ஏவிஸ்


ஹெப்லி,
14 மார்ச் 1986

ஏவிஸ்,

என் அப்பா யார் வாசலிலும் தொப்பியைக் கழற்றியவர் இல்லை. அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் ஊரே நடந்ததற்குக் காரணம் அதுதான். எஸ்டேட்காரன் வேலைக்காரனிடம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தின்பண்டம் கொடுத்துக் கெஞ்சினார் என்று நம் ஞாயிறு பள்ளியில் எழுந்து நின்று சொல்லப் போகிறாயா? லீட்ஸ் வக்கீல் அதை எல்லோருக்கும் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்வான்.

உனக்கு அப்போது ஆறு வயது. கோட்டுக்குப் பின்னால் நின்று அகழெலி பார்த்தவள். ஸ்டாட் சொன்ன பதில்கூட உனக்கு நினைவில்லை.

மிஸ் குரோத்தரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உன்னைக் கேட்டால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல். அது முடியாதென்றால் வராதே. உனக்குக் கெட்டில்ஷா பேருந்துக்குக் காத்திருக்கும்போது மனதில் ஓட்டிப் பார்க்கிற படம். எங்களுக்கு அது நடக்கிற பாதை.

ரோடா கிளெக்


நார்விச்,
1 ஏப்ரல் 1986

அன்புள்ள ரோடா,

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக நீ கிளெக் என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதைக் கவனித்தேன்.

ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். கடையின் பின்வாசல் கைப்பிடியில் துணிப்பை மாட்டியது நான்தான். உள்ளே நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை தனியாகக் கெட்டில்ஷா போனேன். அணைக்கரையில் காற்று வழக்கம்போல இடப்பக்கத்திலிருந்து அடித்தது, வலது காது மட்டும் சூடாக இருந்தது. தண்ணீர் விளிம்புவரை நிறைந்து, கலிங்கில் தேநீர் நிறத்தில் வழிந்து, கீழே விழுந்ததும் வெளுத்துப் போனது. மதகுக் கோபுரத்தின் நிழல் அலையில் உடைந்து உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. மலைச்சரிவில் ஹெதர் புதர் இன்னும் பழுப்பாகவே இருக்கிறது. கௌதாரிகளுக்குத் தளிர் வரட்டும் என்று அங்கங்கே எரித்துவிட்ட பட்டைகள், பழைய கம்பளத்தில் ஒட்டுப் போட்டது போல.

மேற்குக் கரையில் ஆட்காட்டிகள் வந்துவிட்டன. ஒன்று மேலே ஏறி, இறக்கை மடிந்து விழுவது போல விழுந்து, தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது ஏதோ நினைவு வந்தது போல எழுந்தது. எங்கேயோ ஒரு கர்லூ பறவை, கொதிக்கத் தொடங்கும் நீர் மாதிரி அடியிலிருந்து குமிழ்ந்து மேலேறுகிற அந்தக் குரல். அது கேட்டதும் நின்றுவிட்டேன். நார்விச்சில் எனக்குக் குறைவது இது என்று தெரிந்தது. வயிறு பெருத்த செம்மறி ஆடுகள் பாதையை விட்டு நகராமல் என்னைப் பார்த்தன. நான்தான் இறங்கி நடந்தேன். அதற்கு நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

மூழ்கிய பண்ணையின் சுவர் நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறது. எதிர்க் கரையில் அதே நேர்க்கோட்டில் ஏறி வருகிறது. நடுவில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாதது போல.

ஓடைத் தலைப்புக்கு வந்தேன். வேலி. அதற்கு அப்பாலிருந்து ஒரு கௌதாரி “போ, போ, திரும்பிப் போ” என்று கத்தியது. கார்ஸ்டெயர்ஸ் அதற்கும் சம்பளம் கொடுக்கிறார் போல. நான் ஏறிக் குதிக்கவில்லை. ஸ்டாட் இறந்ததிலிருந்து வீடு பூட்டிக் கிடக்கிறது, கொட்டகைக் கூரை இறங்கிவிட்டது. வீட்டு வாசலின் கல் தூண் வேலிக்கு உள்ளே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன் தலையில் ஒரு இரும்பு வளையம்.

அந்த வளையத்தைப் பார்த்ததும் ஸ்டாட்டின் புகைக்குழாய் நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் பேசும்போது அதை நீட்டி அந்த வளையத்தைத்தான் காட்டினார். கோட்டுக்குப் பின்னாலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன். பிறகு குரல் வந்தது. அவர் சொன்னது இது:

“எங்கிட்ட எதுக்குய்யா கேக்குற? குடுக்கிறதுக்கு இது என்னோடதா, எஸ்டேட்டோடதா? இங்க அணை கட்டுறதுக்கு முன்னாலயே ஆளுங்க இந்தப் பக்கமாத்தான் நடந்தாங்க. அந்த வளையத்துல சிவப்புக் கொடி தொங்குற அன்னைக்கு மட்டும் புள்ளைங்கள விடாத. வேட்டை நாளு. குண்டு பட்டுச்சுன்னா நான் எப்படித் தூங்குறது. டப்பாவ வச்சுட்டுப் போ.”

என் மனது வசதிக்காகச் செய்துகொண்ட நினைவோ என்று நானே சந்தேகப்பட்டேன். வசதியான நினைவை இன்னொரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும். வேலிக்கு மேலாகக் கையை நீட்டி வளையத்தைத் தொட்டேன். துருவுக்கு அடியில் ஒரு சிவப்பு நூல் சிக்கியிருந்தது. அதைப் பிடுங்கவில்லை, அங்கேயே விட்டுவிட்டேன். கொடி தொங்கிய நாளில் நாம் திரும்பி வந்ததும், நீ அழுததும், உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டதும் உனக்கே நினைவிருக்கும்.

நான் வருவேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன். அவர் கேட்டாரா என்றால் ஆமாம் என்பேன். அதன் பிறகு நம் பக்கம் தோற்றாலும், நீ என்னோடு பேசாவிட்டாலும், அதுதான். நீ என்னிடம் எழுந்து நின்று சொல்லச் சொன்னாய். எனக்கு வேறு எதையும் சொல்லத் தெரியவில்லை.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஏவிஸ்


ஹெப்லி,
25 மே 1986

அன்புள்ள ஏவிஸ்,

இரண்டு டப்பாவும் கிடைத்தன. ஈஸ்டரிலேயே கிடைத்தன. உன் கடிதமும்.

படித்தேன். பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன். எனக்குச் சாதகமாக ஒரு நினைவை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் நீ உள்ளே வந்தபோது நான் முதல் வரிசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பின்னால் போய் உட்கார்ந்தாய். அப்படியே சாட்சி சொல்லி, அப்படியே மூன்று மணி ரயிலுக்கு ஓடிவிட்டாய். ஆகவே என் நாற்காலியிலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது.

அந்த லீட்ஸ் பையன் வக்கீல் எழுந்து, சிரித்துக்கொண்டே, “அனுமதி கேட்கப்பட்டதா, மிஸ் லம்?” என்றான். நீ ஆமாம் என்றாய். யார் கேட்டது என்றான். ஆமோஸ் கிளெக் என்றாய். கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் கிறீச்சிட்டன. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வால்டர் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் வேண்டாம். அவன் கேட்காமல் விட்டான் பார், அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. ஸ்டாட் சொன்ன பதிலைக் கேட்க அவனுக்குப் பயம்.

விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “பதில் என்ன சொன்னார்?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

நீ சொன்னாய், ஏவிஸ். ஸ்டாட்டின் குரலிலேயே. அவர் பேசுகிற அந்த மூக்கடைத்த இழுப்போடு, “எங்கிட்ட எதுக்குய்யா கேக்குற” என்று நீ தொடங்கியதும் பின்வரிசையில் யாரோ, “அட, எனாக்கேதான்” என்றார்கள். அவரை அறிந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அப்படி ஒரு பேச்சை யாரும் இட்டுக்கட்ட முடியாது. உன்னால் நிச்சயம் முடியாது. உன் குரல் அந்தக் கூடத்தின் கடைசிவரை எட்டி நான் கேட்டது அன்றுதான். பியானோ மூடியே இருந்தது.

ஒன்றைக் கவனித்தேன். தொப்பியைப் பற்றி நீ சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் அதிகாரி பாதையைப் பார்க்க வந்தார். இரண்டு தரப்பும் கூட நடக்கலாம், ஆனால் வழக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது முறை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சுற்று முழுவதும் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். மிஸ் குரோத்தர் என் பக்கத்திலேயே வந்தார், தேவைப்பட்டால் கிள்ள. அதிகாரி ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். வக்கீல் பையன் நகரத்து ஷூவோடு வந்திருந்தான். ஓடைத் தலைப்பில் கணுக்கால்வரை இறங்கி, ஒரு பூட்ஸ் கிடைக்குமா என்பது போல என்னைப் பார்த்தான். வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கார்ஸ்டெயர்ஸின் ஆள் வேலியில் ஒரு பக்கத்தை அவிழ்த்துவிட்டான். கிழக்குக் கரைக்குள் காலை வைத்தேன். ஒன்றரை வருடம் கழித்து. லார்ச் மரங்கள் புது இலை விட்டிருக்கின்றன, உள்ளே பச்சை வெளிச்சம். ஊசி இலை மெத்தையில் எங்கள் காலடி கேட்கவில்லை. என் சத்தமும் இல்லை, முதல் தடவையாக. அதனால் நீ எப்போதும் கேட்டுக்கொண்டு வந்ததையெல்லாம் நான் கேட்டேன். தண்ணீர் கல்லுக்கடியில் போய்ப் போய் வருவதை. மேலே பஞ்சுப் புல் வெள்ளையாகக் காற்றில் சாய்ந்ததை. குயில் ஒன்று அக்கரையிலிருந்து கூவி, நாங்கள் நடக்க நடக்க எங்களோடேயே வந்தது. அதிகாரி அதைப் பற்றி மட்டும், “குயில் இந்த வருடம் தாமதம்” என்றார். நாங்கள் எல்லோரும் ஆமாம் என்றோம், வக்கீலும்.

ஸ்டாட் வீட்டுத் தூண் அருகே அதிகாரி நின்றார். வளையத்தைப் பார்த்தார். கையால் தொட்டார். நூலை அவர் பார்த்தாரா என்று தெரியாது. நான் பார்த்தேன்.

அங்கே நின்றபோது அப்பாவை நினைத்தேன். மில் முதலாளிக்குக் கழற்றாத தொப்பியை அவர் அந்த வாசலில் கழற்றியிருக்கிறார். உள்ளே துப்பாக்கி வைத்திருந்த ஒரு மனிதன். வெளியே உனக்கும் எனக்கும் ஆறு வயது. அவ்வளவுதான் கணக்கு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மார்ச்சிலிருந்து மே ஆகியிருக்கிறது. மந்தம்தான்.

முடிவு வர மாதக்கணக்கில் ஆகுமாம். என்ன வந்தாலும் வரட்டும். மிஸ் குரோத்தர் நம்பிக்கையாக இருக்கிறார், ஆனால் அவர் எப்போதும் அப்படித்தான்.

ரயிலுக்கு ஓடும் முன் நீ ஒரு தட்டு வறுவல் சாப்பிட்டுப் போயிருக்கலாம். ராய்ஸ்டன் எடுத்து வைத்திருந்தான். ஆறிப்போய் வால்டரின் புறாக்களுக்குப் போனது.

உன் ரோடா


ஹெப்லி,
19 அக்டோபர் 1986

அன்புள்ள ஏவிஸ்,

முடிவு வந்துவிட்டது. கிழக்குக் கரை ஊருக்குச் சொந்தம். மிஸ் குரோத்தர் தொலைபேசியில் படித்துக் காட்டினார். எனக்குப் புரிந்த வரி ஒன்றுதான்: கேட்டவருக்கு அனுமதி எதுவும் தரப்படவில்லை, கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லை என்றே காவலர் சொல்லியிருக்கிறார். அப்புறம் எல்லோருக்கும் இலவச வறுவல் என்று கத்திவிட்டேன். ராய்ஸ்டன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

நேற்று கார்ஸ்டெயர்ஸின் ஆட்களே வந்து வேலியைச் சுருட்டினார்கள். வால்டர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பி சரியாகச் சுருளவில்லை என்று கடைசிவரை குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

நவம்பர் முதல் சனிக்கிழமை பார்க்கின் எடுத்துக்கொண்டு போகிறேன். இந்தத் தடவை இறுகாது, சர்க்கரைப் பாகை மாற்றிவிட்டேன். ஸ்டாட் வீட்டுப் படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, ஒரு துண்டைத் தூணின்மேல் வைத்துவிட்டு, கிழக்குக் கரை வழியாகச் சுற்றி முடிப்போம். அப்பாவின் தொப்பியை எடுத்து வருகிறேன். அணைக்கரையில் உன் இடது காது குளிரும், நீ போட்டுக்கொள்.

உன்னை எனக்குத் தெரியும். மறுபடியும் பின்வாசலில் பையை மாட்டிவிட்டு நிற்பாய். இல்லையென்றால் வரலாமா என்று ஒரு கடிதம் எழுதுவாய். எழுதாதே. கதவையும் தட்டாதே, திறந்தே இருக்கும்.

வா.

ரோடா